சம்பந்தியும் சதுப்புப் பரணும்

மே 11, சனி

இன்று துவக்கு வாங்கினேன், வேட்டைத் துப்பாக்கி. பச்சைப் பிளாஸ்டிக் பிடி, கறுப்புக் குழல், மேலே ஒரு தொலைநோக்கி, தோளில் மாட்ட ஒரு பட்டி, எல்லாம் ஒரே பெட்டிக்குள். கடையில் இருந்ததிலேயே மலிவானது இதுதான். இதைவிடக் குறைந்த விலையில் இல்லையா என்று கேட்டேன். இதைவிடக் குறைவென்றால் தூண்டில்தான் இருக்கிறது என்றாள் விற்கிற பெண்.

வருகிற ஒக்ரோபரில் எங்கள் மகள் சாரங்கிக்குக் கலியாணம். மாப்பிள்ளை எஸ்பென், நோர்வேஜியன், நல்ல பிள்ளை. அவனுடைய தகப்பன் ஹால்வர்தான் இந்தப் பள்ளத்தாக்கின் வேட்டைக் குழுவுக்குத் தலைவர். ஒவ்வொரு செப்டெம்பர் கடைசியிலும் இங்கே பாதி ஊர் காட்டுக்குள் போய் எல்க் சுடும். எல்க் என்றால் மான் சாதிதான், ஆனால் நம் ஊர் மாடு பக்கத்தில் நின்றால் கன்றுபோலத் தெரியும். போன மார்கழியில் ஹால்வர் என் வீட்டுக்காரர் இவரைப் பார்த்து, குழுவில் ஆள் குறைகிறது, நீங்களும் வாங்கோவன் என்று கூப்பிட்டார். இவருடைய முகம் வெளிறிப்போனது. துவக்குச் சத்தம் இந்தப் பிறவிக்குப் போதுமானளவு கேட்டாயிற்று என்பது இவருடைய கணக்கு. அதில் பிழை இல்லை. ஆனால் சம்பந்தி முதன்முதலாகக் கேட்டதை எப்படி மறுப்பது? "நான் வாறன்" என்று நான் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். என்னுடைய வழக்கமே அதுதான்.

பிறகு குளிர்காலம் முழுக்க வேட்டை வகுப்பு, சோதனை, பொலிஸ் அனுமதி. பகலில் வயோதிபர் இல்லத்துக் குசினியில் உருளைக்கிழங்கு அவிப்பது, இரவில் எல்க்கின் நெஞ்சுக்கூடு எங்கே இருக்கிறது என்று படிப்பது. ஐம்பத்திரண்டு வயதில் தேறிவிட்டேன்.

ஒன்றை இப்போதே எழுதி வைக்கிறேன். ஹால்வர் பேசுவது நோர்வேஜிய மொழி. இந்த டயறியில் அவர் யாழ்ப்பாணத்துக்காரர் மாதிரித்தான் கதைப்பார், எனக்கு அதுதான் வசதி. அவர்கள் மொழியில் எல்லாரும் எல்லாருக்கும் "நீ"தான். சம்பந்தியை நீ என்று எழுத எனக்குக் கை வராது.

மே 12, ஞாயிறு

இவர் துவக்குப் பெட்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு பின்னேரம் வரை குசினியை விட்டு வெளியே வரவில்லை. நல்ல நண்டுக் கறி.

மே 26, ஞாயிறு

முதல் தடவை சூட்டுத் திடலுக்குப் போனேன். நூறு மீற்றரில் ஐந்து வெடி. அட்டையைப் போய்ப் பார்த்தால் கோழி கொத்தின மாதிரி இங்கொன்று அங்கொன்று. மலிவுத் துவக்கு மலிவுதான் என்று நினைத்துக்கொண்டு நின்றபோது ஹால்வர் வந்தார். அவருடைய துவக்கு வால்நட் மரப் பிடி போட்டது, தேய்த்துத் தேய்த்து அலுமாரிக் கதவுபோல மின்னும். என்னுடையதைக் கையில் வாங்கினார். சிரிக்கவில்லை, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். சட்டைப் பையிலிருந்து ஒரு கடை ரசீதுத் துண்டை எடுத்து, குழலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் செருகி இழுத்துப் பார்த்தார். பாதியில் இறுகி நின்றது.

குழல் எதிலும் முட்டக்கூடாதாம். முட்டினால் ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொரு பக்கம் தள்ளுமாம். துவக்கில் பெரிய குறை ஒன்றுமில்லை, பிளாஸ்டிக்கை அரத்தாளால் தேய்த்து இடைவெளி எடுங்கோ, ஆணிகளை ஒரே இறுக்கமாகப் பூட்டுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து பல்கனியில் இருந்து தேய்த்தேன். இவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "நீர் தேங்காய் திருவுறீராக்கும் எண்டு நினைச்சன்" என்றார். கடைசியில் தாள் குழலின் அடியில் தங்குதடையில்லாமல் ஓடியது. கலியாணச் சேலைக்கு ஃபோல் தைத்து முடித்தபோதுகூட எனக்கு இவ்வளவு திருப்தி வந்ததில்லை.

யூன் 8, சனி

துவக்குக்கும் நாக்கு உண்டு. எல்லாத் தோட்டாவும் அதற்குப் பிடிக்காது. கடையில் நாலு விதம் வாங்கிப் போய் ஒவ்வொன்றாகச் சுட்டேன். தங்க எழுத்துப் பெட்டியில் வந்தது நாலு திசைக்கும் போனது. மூலையில் தூசி பிடித்துக் கிடந்த வெள்ளைப் பெட்டித் தோட்டா மூன்றும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தன.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். மெல்லிய குழல் கெதியாகச் சூடேறிவிடும். சூடானால் சன்னம், அதுதான் குண்டு, மேலே ஏறிப் போகும். ஆகவே ஒரு வெடி, பிறகு பிளாஸ்கிலிருந்து நாலு மிடறு தேத்தண்ணி, குழலைத் தொட்டுப் பார்த்து, பிறகு அடுத்த வெடி. பக்கத்தில் சுட்டவர்கள் தங்கள் பெட்டியை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கென்ன அவசரம்? உருளைக்கிழங்கு நாளைக்குத்தான்.

யூன் 23, ஞாயிறு

ஹால்வர் வீட்டில் கோடைத் தீ. வாவிக்கரையில் பெரிதாக விறகு அடுக்கிக் கொளுத்தினார்கள். அவருடைய மனைவி இங்கெர் உருளைக்கிழங்குச் சலாட் செய்திருந்தா. இவர் தன் பங்குக்குக் கொத்து ரொட்டி போட்டார், அது முதலில் முடிந்தது.

ஹால்வர் எனக்குக் கோப்பி ஊற்றினார். கோப்பை நிறைந்து தட்டுக்கு வழியும்வரை ஊற்றினார். இங்கெர் உடனே துணி எடுத்துத் துடைத்தா. இறைச்சிப் பெட்டியில் இருந்த திகதியை என்னை வாசிக்கச் சொன்னார், இந்த வெளிச்சத்தில் யார் வாசிக்கிறது என்று சலித்துக்கொண்டார். வெளியே நல்ல வெயில். திரும்பும்போது இங்கெர்தான் எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டா. பெரிய மனிதர்களுக்குச் சாரதி வைத்துப் பழக்கம் போல.

ஹால்வர் ஒரு பரணைப் பற்றிச் சொன்னதுதான் முக்கியம். காட்டின் நடுவில் ஒரு பெரிய சதுப்பு, மரமே இல்லாத வெளி. அதன் ஓரத்தில் ஒரு மரப் பரண். நாய் துரத்தும் எல்க் கடைசியில் அந்த வெளியைக் கடந்துதான் போகவேண்டும். மற்ற இடங்களில் கிட்ட நின்று சுடலாம், அங்கே இருநூறு மீற்றர். குழுவில் யார் தூரத்துக்குத் திறமாகச் சுடுகிறாரோ அவருக்குத்தான் பரண். அதற்காக ஒவ்வொரு ஓகஸ்டிலும் முன்னூறு மீற்றரில் போட்டி வைப்பார்கள், ஆளுக்கு ஐந்து வெடி. இருபது வருடமாகப் பரண் ஹால்வருக்குத்தான்.

போட்டியில் ஒரு வழக்கம் உண்டாம். வெடி வைத்த உடனே, அட்டையைப் பார்க்க முதல், சன்னம் எங்கே போனதென்று சுட்டவர் வாயால் சொல்ல வேண்டும். "பிழைச்சாப் பரவாயில்லை. எங்கே பிழைச்சதெண்டு உண்மையைச் சொல்லவேணும்" என்றார். காயப்பட்ட எல்க் காட்டுக்குள் ஓடினால் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நாயும் ஆட்களும் பின்னால் போவார்களாம். சொல் பிழைத்தால் அந்தச் சீவன் இரண்டு நாள் கிடந்து சாகும். இதைச் சொல்லும்போது நெருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

யூலை 6, சனி

இந்த வருடத்துச் சூட்டுச் சோதனை. ஐந்துக்கு ஐந்து. இவர் கேசரி கிண்டினார்.

யூலை 21, ஞாயிறு

முன்னூறு மீற்றர் என்பது வேறு உலகம். நூறில் நடுவில் விழுகிற சன்னம் முன்னூறுக்குப் போவதற்குள் கிட்டத்தட்ட ஒரு முழம் கீழே இறங்கிவிடும். அதை மேலே ஏற்றிப் பிடிக்க வேண்டும். காற்று ஊதினால் பக்கவாட்டிலும் இழுக்கும். கொடியைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை, கொடி நம் பக்கத்தில் நிற்கிறது. பாதி வழியில் பஞ்சுப்புல் வளர்ந்திருக்கிறது, அதைப் பார்த்தேன். அது நிமிர்ந்த நேரம் மூச்சைப் பாதி விட்டு, விரலை மெல்ல இழுத்தேன். தேத்தண்ணி. அடுத்தது. தேத்தண்ணி.

சாரங்கி கூட வந்திருந்தாள். சோற்றுக் கோப்பை அளவு வட்டத்துக்குள் ஐந்தும். அவள் அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள், இருபத்தேழு வயதுப் பிள்ளை. "அம்மா, இந்த வருசம் பரண் உங்களுக்குத்தான்" என்று கட்டிப் பிடித்தாள்.

சந்தோஷமாக இருந்தது. மிச்சம் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பரணில் நான் ஏறி இருக்க வேண்டும். எனக்கு வேண்டும் என்று ஒன்றை எழுதிக் கனகாலம்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

ரொறொன்ரோவிலிருந்து தங்கேஸ் மச்சாள் போன் எடுத்தா, இவருடைய அக்கா. கலியாணக் கூறை, மேளம், மண்டபம் எல்லாம் விசாரித்து முடித்துப் பிறகு, துவக்கென்று கேள்விப்பட்டேன், அது என்ன கூத்து என்று கேட்டா. நானும் வாய் கொள்ளாமல் பரணைப் பற்றிச் சொன்னேன். அவ்வளவுதான், மச்சாள் தொடங்கிவிட்டா.

"தவமலர், நீ பொம்பிளையின்ர தாய். ரெண்டு மாதத்தில கலியாணம். மாப்பிள்ளையின்ர தகப்பனை ஊர்ச் சனத்துக்கு முன்னால வெண்டுபோட்டு மணவறைக்கு என்ன முகத்தோட போவாய்?"

இது நோர்வே, இங்கே அப்படி இல்லை என்றேன். ஆம்பிளையின் மனம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்றா. என்னுடைய கலியாணத்தில் அப்பா, இவருடைய தகப்பனுக்கு முன்னால் கதிரையில் இருக்காமல் முழு நாளும் நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு முழங்கால் வருத்தம்.

ஓகஸ்ட் 17, சனி

போட்டி முடிந்தது. எழுத வேண்டியதை எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

ஹால்வர் முதலில் சுட்டார். ஐந்தில் மூன்று வட்டத்துக்குள், இரண்டு வெளியே. வெளியே போன ஒன்றைச் சுட்டபோது "நடுவில" என்று சொன்னார். காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், கொடி ஈரத் துவாய் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் இரண்டும் ஒன்றுமாய் எடுத்தார்கள். கடைசியாக நான்.

முதல் மூன்றும் உள்ளே. நானே சொன்னேன், சொன்ன இடத்தில் இருந்தன. பின்னால் நின்ற சனம், சாரங்கி உட்பட, இன்னும் கிட்ட வந்தது. நாலாவதும் உள்ளே போனால் பரண் எனக்கு. மூன்றோடு நின்றால் சமன், சமன் என்றால் பழைய ஆளுக்கே பரண். தேத்தண்ணி குடித்தேன். தேவையில்லாமல் இரண்டாம் தரமும் ஊற்றிக் குடித்தேன்.

சும்மா வெறும் வெளியில் சுட எனக்கு மனம் வரவில்லை, ஏதாவது ஒன்றைக் குறி வைத்தால்தான் விரல் இழுக்கிறது. அட்டையைத் தாங்கி இரண்டு மரக்கால் நிற்கிறது. இடது காலைக் குறி வைத்தேன். நாலாவதும் ஐந்தாவதும் அங்கே. "காத்து இழுத்திட்டுது, இடப் பக்கம் எங்கேயோ" என்று இரண்டு தரமும் சொன்னேன். சமன். எல்லாரும் ஹால்வருக்குக் கை கொடுத்தார்கள். நான்தான் முதலில் கொடுத்தேன்.

அட்டை கழற்ற அவரே நடந்து போனார். அங்கே நெடுநேரம் குனிந்து நின்றார். வந்து கோப்பி குடிக்காமலே காரில் ஏறிவிட்டார்.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

தங்கேஸ் மச்சாளுக்குச் சொன்னேன். கெட்டிக்காரி என்றா. சாப்பாடு இறங்கவில்லை, வெயிலில் நின்றதாக்கும்.

ஓகஸ்ட் 25, ஞாயிறு

கடையில் ஹால்வரைக் கண்டேன். தலையை ஆட்டிவிட்டுப் பால்கட்டிப் பக்கம் போய்விட்டார். அவருக்குப் பால்கட்டியில் இவ்வளவு ஆர்வம் என்று எனக்குத் தெரியாது. பின்னேரம் குழுவிலிருந்து செய்தி வந்தது: இந்த வருட வேட்டையில் நான் நாயோடு காட்டுக்குள் நடக்கிற ஆள். துவக்கு கொண்டுவரத் தேவையில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வருடம் அப்படித்தான் போல. நடக்கிறதும் உடம்புக்கு நல்லது. துவக்கைத் துடைத்துப் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டினேன். இவர் வந்து பக்கத்தில் நின்று துடைக்கிற துணியை மடித்துக் கொடுத்தார். துவக்கு வெளியே இருக்கும்போது இவர் கிட்ட வந்தது இதுதான் முதல் தரம்.

செப்டெம்பர் 1, ஞாயிறு

சாரங்கி தனியாக வந்தாள். செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்: "அம்மா, நீங்கள் வேணுமெண்டுதானே விட்டனீங்கள்?"

காற்று என்றேன்.

"பிழைச்ச வெடி ரெண்டும் ஒரே இடத்தில போகாது, அம்மா. மரக்காலில ஒண்டுக்கு மேல ஒண்டா ரெண்டு ஓட்டை. என்ர உள்ளங்கையால ரெண்டையும் மூடலாம். அவர் அந்தக் காலைக் கழட்டிக் கொண்டுவந்து எஸ்பெனுக்குக் காட்டினவர்."

கதிரையை இழுத்து இருந்தேன். கோபமாக இருக்கிறாரா என்று கேட்டேன். இல்லையாம். கோபித்தால் பரவாயில்லை, அவர் பயப்படுகிறார் என்றாள். "எஸ்பென்ர மாமியார் சிரிச்ச முகத்தோட எனக்குப் பொய் சொல்லிப்போட்டா. இனி அவ எங்கட வீட்டுச் சாப்பாடு நல்லாயிருக்கு எண்டாலும் நான் எப்பிடி நம்புறது?" என்று கேட்டாராம். எங்கே சுட்டேன் என்று பொய் சொல்கிற ஆளின் கையில் தோட்டா போட்ட துவக்கைக் கொடுக்க மாட்டாராம், அது தன்னுடைய பெண்சாதி என்றாலும்.

அவருடைய மரியாதைக்காகத்தான் செய்தேன், உனக்காகத்தான் செய்தேன் என்றேன்.

"நான் கேட்டனானா?" என்றாள். அழுதுகொண்டிருந்தாள். "நீங்கள் வெல்லுறதைப் பாக்கத்தான் நான் ஒஸ்லோவில இருந்து வந்து பின்னால நிண்டனான்."

அவள் போனபிறகு இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா சொன்னதையும் சொன்னேன். அக்கா ரொறொன்ரோவில் இருக்கிறா, சம்பந்தி இதே ஊரில் இருக்கிறார், நேரே போய்க் கதையும் என்றார். மனுசன் சொல்வது லேசு.

செப்டெம்பர் 7, சனி

வடை சுட்டுக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போய் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஹால்வர் கொட்டிலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

நின்றபடியே சொன்னேன். பெண்ணைக் கொடுக்கிற வீடு ஒரு படி கீழே நிற்கவேண்டும், மாப்பிள்ளை வீட்டாரை எதிலும் வெல்லக்கூடாது, குறை சொல்லக்கூடாது, என்னுடைய அப்பா முழு நாளும் நின்றார், இப்படி எல்லாவற்றையும். அவர்கள் மொழியில் சம்பந்தி என்பதற்குச் சொல்லே இல்லை. அதை விளக்கவே வடை ஆறிவிட்டது.

அவர் கேட்டார்: "அப்ப என்னைவிட நீங்கள் நல்லாச் சுடுவீங்கள் எண்டு உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"எனக்கும் தெரியும். அதுக்குத்தானே போட்டி வைக்கிறது."

பிறகு மூன்று வடை சாப்பிட்டார். உப்புக் கூடிப்போச்சு என்றார். உண்மைதான், கூடித்தான் இருந்தது. நாயோடு நடக்கவேண்டாம், முதல் நாள் பரணில் தன்னோடு வந்து இருங்கோ, துவக்கு இல்லாமல், என்றார். வாறன் என்றேன்.

செப்டெம்பர் 25, புதன்

விடிய முதலே பரணில் ஏறினோம். ஏணிப் படியை அவர் காலால் தடவித் தடவி ஏறினார். கீழே சதுப்பு முழுக்கப் பனிப்புகார். விடிந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகியபோது அந்தப் பக்கக் கரையில் மஞ்சள் மரங்கள் தெரிந்தன. இவ்வளவு வடிவான இடத்தில் நான் இருந்ததில்லை. கையில் துவக்கு இல்லாதது கொஞ்சம் வலித்தது, அதையும் எழுதுகிறேன்.

தூரத்தில் நாய் குரைத்தது. வோக்கிடோக்கியில், சதுப்புப் பக்கமாக வருகிறது என்றார்கள். அடுத்த கரையில் செடிகள் அசைந்து ஒரு எல்க் வெளியே வந்து நின்றது.

ஹால்வர் துவக்கைத் தோளில் வைத்தார். கன்னத்தை மரத்தில் பதித்தார். "இளங் கடா. தனிய. கொம்பு தெரியுது" என்றார் மெல்ல. இங்கே கன்றோடு நிற்கிற பசுவைச் சுடுவதைப்போல வெட்கக்கேடு வேறில்லை, வகுப்பில் முதல் நாளே அதைத்தான் சொல்லித் தந்தார்கள். நான் தூரக்கண்ணாடியால் பார்த்தேன். கொம்பு இல்லை. தலைக்குப் பின்னால் பட்டுப்போன ஒரு மரத்தின் கொப்பு. வயிற்றுக்குக் கீழே, அந்தப் பக்கத்தில், இன்னும் நாலு மெல்லிய கால்.

என் வாயில் "ஓம்" வந்து நின்றது. ஐம்பத்திரண்டு வருடமாக நின்ற இடத்திலேயே தயாராக நின்றது. அவருடைய விரல் பூட்டை விலக்கிய சத்தம் கேட்டது.

"ஹால்வர், சுடாதேங்கோ. அது பசு. கன்றோட நிக்குது."

அவர் கண்ணை எடுக்காமல் கேட்டார்: "கொம்பு?"

"அது மரக் கொப்பு."

பூட்டுத் திரும்பவும் விழுந்தது. துவக்கை மடியில் வைத்தார். பசு சதுப்பில் இறங்கி எங்கள் பக்கமாகவே வந்தது. கன்று தண்ணீரில் தடுக்கித் தடுக்கிப் பின்னால் வந்தது. பரணுக்குக் கிட்டக் கடந்து போனபோது அவருக்கும் தெரிந்திருக்கும். முகத்தைக் கையால் துடைத்தார்.

பிறகு கேட்டார்: "எப்ப தொடக்கம் தெரியும்?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம்.

"கோப்பி வழிஞ்ச நாள் தொடக்கம்" என்றேன். இந்த டயறிக்குக்கூட நான் அதைச் சொல்லவில்லை. வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறவளுக்குக் கண்ணில் புரை விழுந்தவர் எப்படிக் கோப்பி ஊற்றுவார் என்று தெரியாதா? தெரிந்துகொண்டுதான் மரக்காலைக் குறி வைத்தேன். வென்றால் அவருடைய பரண் போய்விடும், ஏன் போனது என்று எல்லாரும் கேட்பார்கள். நல்லது செய்கிறேன் என்று நினைத்து, கண் தெரியாத மனிதரை இந்தப் பரணில் ஏற்றி வைத்தவள் நான்தான்.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னன்தானே, பொம்பிளை வீட்டார் குறை சொல்லக்கூடாது."

"கலியாணம் முடிஞ்சாப் பிறகு சொல்லியிருப்பீங்களோ?"

"முடிஞ்சாப் பிறகு வாயே திறக்க மாட்டம்."

சத்தம் வராமல் சிரித்தார். தோள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணில் தண்ணி வந்தது. எது சிரிப்பில் வந்தது, எது மற்றதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. வைத்தியரிடம் போனவராம், ஒப்பரேஷன் செய்யலாமாம், இந்த வேட்டை முடியட்டும் என்று தள்ளிப் போட்டாராம். இங்கெருக்கு மட்டும்தான் தெரியும்.

கீழேயிருந்து, என்ன நடந்தது, ஏன் வெடி கேட்கவில்லை என்று கேட்டார்கள். அவர் வோக்கிடோக்கியை எடுத்தார். மற்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"பசுவும் கன்றும். நான் கடா எண்டு நினைச்சுச் சுடப் பாத்தனான். எனக்குக் கண் தெரியேல்லை. தவமலர்தான் மறிச்சவ. நாளைக்குத் தொடக்கம் பரண் அவவுக்கு. தன்ர துவக்கோட வருவா."

செப்டெம்பர் 26, வியாழன்

ஒரு கடா, தனிய, உண்மையாகவே கொம்போடு. ஒரு வெடி. அது காட்டுக்குள் ஓடி மறைந்தது. எங்கே பட்டது என்று ஹால்வர் கேட்டார். நல்ல இடம் என்று சொல்ல எவ்வளவு ஆசை. "தோளுக்குப் பின்னால. நான் நினைச்சதைவிட ஒரு சாண் பின்னுக்கு" என்றேன். அவர் நாயைப் பிடித்துக்கொண்டு எஸ்பெனோடு உள்ளே போனார். பரணில் தனியாக இருந்து எனக்குத் தெரிந்த கடவுள் எல்லாரையும் கூப்பிட்டேன். கொஞ்சத்தில் அவருடைய குரல் வந்தது: கிட்டத்தான் விழுந்து கிடக்கிறது, ஆறுதலாக இறங்குங்கோ, பட்ட இடம் நீங்கள் சொன்ன இடம்தான். அந்தச் சீவனுக்காகக் கொஞ்சம் அழுதேன். பிறகு இறங்கிப் போய்க் கத்தியைப் பிடித்தேன்.

ஒக்ரோபர் 12, சனி

கலியாணம் முடிந்தது. கால் வீங்கிவிட்டது, ஆனால் இதை எழுதாமல் படுக்க மாட்டேன்.

ஹால்வர் பட்டு வேட்டி கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். இவருடைய தம்பிமார் கட்டிவிட்டார்கள். மண்டப வாசலில் அவரைச் சுற்றி எங்கள் சனம். வடிவு என்றார்கள், கச்சிதம் என்றார்கள். ரொறொன்ரோவிலிருந்து வந்த தங்கேஸ் மச்சாள், மாப்பிள்ளையே தோற்றார் என்றா. எல்லாருக்கும் நன்றி சொன்னார். சொல்லிவிட்டு அவர்களை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். என்னை அடையாளம் காண அவருக்கு என்னுடைய கூறைச்சேலைச் சிவப்புப் போதும் போல.

"தவமலர், எப்பிடி இருக்கு?"

மச்சாள் என்னைப் பார்த்தா. மேளகாரர்கூடப் பார்த்தமாதிரி இருந்தது.

"இடப் பக்கம் அவிழுது. நாலு அடி நடந்தீங்கள் எண்டா விழும்" என்றேன்.

மச்சாள் வாயைப் பொத்தினா. ஹால்வர் இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனார், பின்னால் இவர் இடுப்புப் பட்டியோடு ஓடினார். திரும்பி வந்து திரும்பவும் எனக்கு முன்னால்தான் நின்றார். சுற்றிப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது.

"இப்ப நிக்கும்" என்றேன். அதற்குப் பிறகுதான் மணவறைக்கு நடந்தார்.